ஜெயந்தினி அக்கா இருக்கிற இடம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு போட்டோ கொப்பிக் கடை இருந்தது. மஃறூப் நானாவின் கடை. ஜெயந்தினி அங்கே பதினோரு வருடம் வேலை செய்தாள். கொட்டகலையிலிருந்து மேலே ஏறிப் போகிற ஒரு தோட்டத்தில், கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீடுகளில் ஒன்று அவளுடையது. கணவன் சுதாகரனுக்கு அதே தோட்டத்தில் தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலை. ஒரே மகள் தனுஜா.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வேலை தேடுகிற தோட்டத்துப் பிள்ளைகள்தான். சான்றிதழ் கொப்பி எடுக்க வருவார்கள், விண்ணப்பம் டைப் அடிக்க வருவார்கள். ஜெயந்தினி உயர்தரம் படித்தவள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பிழையில்லாமல் விண்ணப்பம் எழுதுவாள். அதனால் வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் அவள் கை காலியாகும்வரை காத்துக்கொண்டு நிற்பார்கள்.

அவள் மற்றவர்களிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தது சுலக்ஷனா என்ற பெண்ணால். டிக்கோயாப் பக்கத்துப் பிள்ளை. ஒருநாள் மங்கலான ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டி, இதை நாலு கொப்பி எடுங்கள் என்றாள்.

"இது கொப்பியோட கொப்பி. எழுத்தே வெளங்கலயே. ஒரிஜினல் எங்கம்மா?"

"வேல செஞ்ச கம்பனியில இருக்குக்கா. சேரும்போது வாங்கி வச்சிக்கிட்டாங்க. சொல்லாம வந்துட்டேன். இப்ப கேட்டா கேஸ் போடுவோம்ங்கிறாங்க."

ஜெயந்தினி மை கூடுகிற பொத்தானை மூன்று தடவை அழுத்திப் பார்த்தாள். எழுத்து கறுக்கவில்லை, தாள்தான் கறுத்தது. சுலக்ஷனா அதையே மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து எந்தப் பிள்ளை விண்ணப்பம் கொண்டுவந்தாலும் ஜெயந்தினி நாலு வார்த்தை கேட்பாள். உனக்கு முன்னால் அந்த வேலையில் யார் இருந்தார்கள், அவர் ஏன் போனார்? வேலை என்னவென்று விளக்கமாகச் சொன்னார்களா, இல்லை எல்லாம் வந்தால் தெரியும் என்றார்களா? அங்கே வேலை செய்கிறவர்களோடு தனியாக இரண்டு வார்த்தை பேசவிட்டார்களா? நாளைக்கே வந்து சேர் என்று நெருக்கினார்களா? ஒரு சுற்றுலா விடுதிக்காரன் ஒரே 'ஆள் தேவை' விளம்பரத்தை வருடத்தில் நான்கு தடவை கொப்பி எடுக்க அனுப்பினான். நான்காவது தடவை அவள் மஃறூப் நானாவிடம் சொன்னாள்: "நாலு தடவ ஒட்டுறாங்கன்னா, நாலு பேர் ஓடிப் போயிருக்காங்க நானா."

"கொப்பிக்கு வந்தா கொப்பியக் குடுங்க புள்ள. அவன்ட வயித்துல ஏன் கை வைக்கிறீங்க" என்று நானா கடிந்துகொள்வார். ஆனால் அவள் பேசுவதைத் தடுத்ததில்லை. சில நேரம் அவரே பிள்ளைகளை அவள் பக்கம் அனுப்பி, "அக்காகிட்ட ஒருக்கா கேட்டுக்கிட்டுப் போங்க" என்பார்.

நாளடைவில் அது பரவிவிட்டது. கொட்டகலை, டிக்கோயா பக்கத்துத் தோட்டங்களில், பிள்ளையை வெளியே வேலைக்கு அனுப்ப நினைக்கிற தாய் தகப்பன், "கொப்பிக் கடை அக்காகிட்ட விசாரிச்சியா?" என்று கேட்பது வழக்கமாயிற்று. போகாதே என்று அவள் சொன்னால் பிள்ளைகள் போகமாட்டார்கள். அதில் ஜெயந்தினிக்கு ஒரு பெருமை இருந்தது. அதை அவள் வெளியில் காட்டிக்கொண்டதில்லை.

மஃறூப் நானாவுக்குச் சீனி வியாதி முற்றி ஒரு கண் பார்வை போயிற்று. மற்றக் கண்ணும் மங்கத் தொடங்கியதும், கட்டாரில் இருந்த மகன் றுமைஸ் கடையை விற்றுவிட்டு ஓய்வாக இருக்கச் சொல்லிவிட்டான். கைத்தொலைபேசி விற்கிற ஒருவர் கடையை வாங்கினார். கடைசி நாள் நானா அவளை உட்காரவைத்து, "என்னால ஏலாமப் போயிட்டு புள்ள. புதுசா வாறவருக்கு ஆள் இருக்காம். நான் கேட்டுப் பார்த்தன்" என்றார். சொல்லும்போது அவர் பார்த்தது ஜெயந்தினிக்குப் பக்கத்தில் இருந்த சுவரை. அவருக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

அதற்கு முந்தைய வருடம்தான் சுதாகரன், முதுகில் மருந்துத் தாங்கியோடு சறுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டிருந்தான். தோட்டத்தில் இலேசான வேலை கொடுத்தார்கள், அதுவும் எல்லா நாளும் இல்லை. ஜெயந்தினி ஹட்டன் முழுக்க ஏறி இறங்கினாள். புடவைக் கடைகளில் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்தான் வேண்டுமென்றார்கள். அவளுக்கு முப்பத்தாறு. ஒரு பேக்கரியில் காசாளர் வேலை இருக்கிறதென்று போனாள். அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆள் எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் இப்படியே போனது.

அப்போதுதான் சுமன் என்பவர் அவளுக்குப் போன் எடுத்தார். உச்சிமலை தொழில் வழிகாட்டல் நிலையம் என்று புதிதாகத் திறந்திருந்தார். மலையகப் பிள்ளைகளை வெளி ஊர்களில் வேலைக்குச் சேர்த்துவிடுகிற இடம். "மிஸ்ஸப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன். ஒருதடவ வந்துட்டுப் போங்களேன்" என்றார்.

இரும்புக் கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறை. சுமன் எழுந்து நின்று வரவேற்றார். நாற்பது வயதிருக்கும். நன்றாக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. "நானும் லயத்துப் பிள்ளதான் மிஸ். நம்ம பிள்ளைங்க கொழும்புல போயி சீரழியக்கூடாதுன்னுதான் இதத் தொடங்கினேன். இங்க முதலாளி, வேலக்காரன்னு இல்ல. எல்லாம் ஒரே குடும்பம்" என்றார்.

அவளுக்கென்று ஒரு மேசையைக் காட்டினார். வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. ஜெயந்தினி இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு சீப்பு, பாதி தீர்ந்த பவுடர் டப்பா, சுருட்டி வைத்த ஒரு குடை.

"இதுக்கு முன்னாடி யாரு சேர் இந்த வேலையில இருந்தாங்க?"

"யாரும் இல்ல மிஸ். இது புது போஸ்ட்."

அவள் இழுப்பறையை மெதுவாக மூடினாள். அப்போது லெட்சுமி என்ற அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தட்டில் கொஞ்சம் சிந்திவிட்டது. சுமன் சிரித்த முகம் மாறாமல், தாழ்ந்த குரலில், சிங்களத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். லெட்சுமியின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. துணியை எடுத்துத் துடைத்துவிட்டுப் போனாள்.

நியமனக் கடிதம் அடுத்த மாதம் தருவதாகச் சொன்னார். சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரிஜினலாகக் கொண்டுவரச் சொன்னார். "எல்லா ஸ்டாஃபும் குடுத்திருக்காங்க, பீரோவுல பத்திரமா இருக்கும்" என்றார். நாளைக்கே வந்துவிடும்படி சொன்னார். மீதி நேரம் முழுக்க, அவளுக்கு எந்தெந்தத் தோட்டத்தில் ஆட்களைத் தெரியும், எந்தப் பாடசாலை அதிபரைத் தெரியும், பிள்ளைகள் இன்னும் அவளுக்குப் போன் எடுக்கிறார்களா என்றே கேட்டுக்கொண்டிருந்தார். டைப் அடிக்கத் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை. தன்னை மதித்துக் கேட்கிறார் என்று அவள் அதற்கெல்லாம் விளக்கமாகப் பதில் சொன்னாள்.

அன்று வீட்டுக்கு வந்தவுடன் சுதாகரன் கேட்டான்: "என்னவாம்?"

"நாளைக்கே வரச் சொல்றாரு."

"அப்ப நல்லதுதானே?"

"நல்லதில்லங்க. முன்னாடி ஒரு பிள்ள இருந்திருக்கு. குடையக்கூட எடுக்காமப் போயிருக்கு. கேட்டா யாருமே இல்லைங்கிறாரு. ஒரிஜினல் கேக்குறாரு. கடுதாசி அடுத்த மாசமாம். தேத்தண்ணி குடுத்த அம்மாவ என் முன்னாடியே கெட்ட வார்த்தயில பேசுறாரு. மொத நாளே இப்படின்னா..."

சுதாகரன் சுவரில் சாய்ந்து, இடுப்புக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகிக்கொண்டான். "யாராவது ஒரு பிள்ள வந்து இதே கதயச் சொன்னா, நீ என்ன சொல்லுவ?"

"போகாதன்னு சொல்லுவேன்."

"சரி. போகாம அந்தப் பிள்ள வீட்டுல இருந்து என்ன செய்யும்?"

ஜெயந்தினி பதினோரு வருடத்தில் எத்தனையோ பேரைப் போகாதே என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவர்கள் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. அந்த நினைப்பு அவளுக்கு அன்றைக்குத்தான் வந்தது. அடுப்படியில் போய் நின்றுகொண்டாள். சுதாகரனுக்கும் அவளை அனுப்ப மனமில்லைதான். ஆனால் போகாதே என்று சொல்ல அவனிடம் வேறு வருமானம் இல்லை.

மறுநாள் காலை சான்றிதழ்களை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

முதல் கிழமையே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வாசலில் தலை நீட்டுகிற பிள்ளைகள் அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து உள்ளே வந்தார்கள். "ஜெயா அக்கா! நீங்க இங்கயா? நீங்க இருக்கீங்கன்னு கேள்விப்பட்டுத்தான் அம்மா அனுப்புனாங்க." ஒரு பிள்ளைகூட எந்த விவரமும் கேட்கவில்லை. விசாரிக்க வேண்டிய ஆளே அங்கே உட்கார்ந்திருக்கும்போது யாரிடம் போய் விசாரிப்பது? சுமன் அவளை வேலைக்கு எடுத்ததே அதற்குத்தான். நேர்முகத்தில் அவர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தன. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த அவளுக்கு, அந்த ஒரு அறிகுறி மட்டும் கண்ணில் படவில்லை. அவளைப் புகழ்ந்தபடியே வந்ததால் பட்டிருக்காது.

பிள்ளைகளின் சான்றிதழ்களையும் வாங்கி இரும்பு பீரோவில் வைத்தார்கள். சாவி சுமனின் இடுப்பில். ஒரு ஒப்பந்தத் தாள் இருந்தது, முழுக்க ஆங்கிலத்தில். ஒரு வருடம் முடிவதற்கு முன் வேலையை விட்டால் நட்டஈடு கட்ட வேண்டும், கட்டும்வரை சான்றிதழ் கிடைக்காது என்று அதில் இருந்தது. கீழே, எல்லாம் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்கியதற்குச் சாட்சி என்று ஒரு கோடு. அந்தக் கோட்டில் கையெழுத்துப் போடுவது ஜெயந்தினியின் வேலை.

முதல் தாளில் அவள் தயங்கினாள். "சேர், நான் ஏன் சாட்சி? நீங்க போடலாமே."

"ஒபிஸ்ல ஒரு ஸ்டாஃப் போடணும் மிஸ். சும்மா ஒரு முறைக்குத்தான்." பிறகு அதே இனிமையான குரலில், "ஏன், நம்ம இடத்துல உங்களுக்கு நம்பிக்க இல்லயா? அப்படின்னா சொல்லுங்க, வேற ஆள் பாக்கலாம்."

அவள் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டாவது மாதம் லெட்சுமியைக் காணவில்லை. அதற்குப் பிறகு தேத்தண்ணீர் ஊற்றுவதும் அறை கூட்டுவதும் ஜெயந்தினியின் தலையில் விழுந்தது. நியமனக் கடிதம் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவேண்டியதாயிற்று. சிந்தாமல் தேத்தண்ணீர் வைக்க அவள் பழகிக்கொண்டாள். ஒரு நாள் சிந்தியபோது அந்தச் சிங்கள வார்த்தை அவள் மேலும் விழுந்தது. துணியை எடுத்துத் துடைத்தாள்.

வெளியே வேறு இடம் தேடாமல் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் இரண்டு கடைகளில் போய்க் கேட்டாள். சான்றிதழைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். சான்றிதழ் பீரோவில் இருந்தது.

அடுத்த வருடம் மாசியில் லோஜினி வந்தாள். ஜெயந்தினியின் தோட்டத்திலேயே மேல்பிரிவில் இருக்கிற மீனம்மாவின் மகள். மீனம்மா கொழுந்து பறிக்கிறவள். புருஷன் செத்த பிறகு ஒற்றையாக நின்று மகளை உயர்தரம்வரை படிக்கவைத்தாள். லோஜினிக்கு இருபத்தொரு வயது. ஒரு தோட்டப் பாடசாலையில் உதவி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, அது வருமோ வராதோ என்று காத்துக்கொண்டிருந்தாள். தென்கரையில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை இருக்கிறதென்று சுமன் சொல்லியிருந்தார்.

அன்று அவருடைய அறைக் கதவு திறந்தே இருந்தது. லோஜினி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, நல்ல இடம்தானே?"

உள்ளே காகிதம் புரட்டுகிற சத்தம் நின்றது ஜெயந்தினியின் காதில் விழுந்தது. அந்த ஹோட்டலுக்கு ஆறு மாதத்தில் மூன்று தடவை ஆள் அனுப்பியிருந்தார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

"போய்ப் பாரும்மா. பிடிக்காட்டி வந்துரலாம்" என்றாள்.

அப்படி வரமுடியாது என்று எழுதியிருந்த தாள்தான் அவர்கள் இருவருக்கும் நடுவில் மேசைமேல் கிடந்தது. லோஜினி கையெழுத்துப் போட்டாள். அவளுக்குக் கீழே ஜெயந்தினி போட்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் மீனம்மா தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். "ஜெயா, நீ இருக்கிற இடம்னுதான் தைரியமா அனுப்புறேன்" என்றாள். ஜெயந்தினி தலையாட்டிவிட்டு நடந்தாள். சொல்லியிருக்கலாம். குழாயடியில் வைத்தாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் மீனம்மா நாளைக்கே மாடிக்கு வந்து சத்தம்போடுவாள், வேலை போகும் என்று கணக்குப் பார்த்துத்தான் அவள் வாயை மூடிக்கொண்டாள். இதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். என்னிடம் என்று சொன்னால், நான் அதே லயத்தில் மூன்று வீடு தள்ளி இருக்கிறவன். அவளைக் குற்றம் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

லோஜினிக்கு வரவேற்பு மேசை கிடைக்கவில்லை. ஹோட்டலின் பின்பக்கம், விரிப்புத் துணிகளைத் துவைக்கிற இடத்தில் போட்டார்கள். வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சித்திரை வருடப்பிறப்புக்கு லீவு இல்லை. துவைக்கிற மருந்துக்குக் கை இரண்டும் வெடித்துப்போனது. ஐந்து மாதம் பொறுத்தாள். ஆடி மழைக்குள் ஒரு நாள் காலை, ஒரு பையோடு, நனைந்துகொண்டே லயத்துக்கு வந்து சேர்ந்தாள்.

அவள் வந்த பத்தாவது நாள் பாடசாலை வேலைக்கு நேர்முகக் கடிதம் வந்தது. ஒரிஜினல் சான்றிதழ்களோடு வரவேண்டும் என்று அதில் போட்டிருந்தது.

மீனம்மா கடிதத்தைக் கொண்டுவந்து ஜெயந்தினியின் கையில் கொடுத்தாள். கோபப்படவில்லை. "எப்படியாவது எடுத்துக் குடு ஜெயா. ரெண்டு நாளைக்கு மட்டும் குடுக்கச் சொல்லு. திருப்பிக் குடுத்துடுறோம்" என்றாள்.

மறுநாள் ஜெயந்தினி சுமனின் மேசை முன்னால் போய் நின்றாள். "சேர், அரசாங்க வேல சேர். அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கையே இதுதான். நேர்முகம் முடிஞ்ச உடனே நானே கொண்டுவந்து தர்றேன்."

"ஒப்பந்தத்த மீறுனது யாரு மிஸ்? நானா, அவளா?"

"அவ கை ரெண்டும் வெடிச்சிருக்கு சேர்."

"கேஸ் போகணும்னா போகலாம். சாட்சிக் கையெழுத்து யாரோடதுன்னு கோர்ட்டுல கேப்பாங்க. அந்தப் பிள்ளைக்கு எல்லாம் விளக்கிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம்னு நீங்கதானே போட்டிருக்கீங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். "தேத்தண்ணி ஒண்ணு போடுங்க மிஸ்."

அவள் தேத்தண்ணீர் போடவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். நேராகக் கச்சேரிக்கு, அரசாங்கக் காரியாலயத்துக்குப் போய்ச் சிங்களத்தில் முறைப்பாடு சொன்னாள். அங்கே இருந்த பெண் அதிகாரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பாதிக்கப்பட்ட பிள்ளை நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும், ஒப்பந்தத்தின் கொப்பியையும் கொண்டுவர வேண்டும் என்றார். கொப்பி லோஜினியிடம் இல்லை, கொடுக்கவே இல்லை. பதினோரு வருடம் ஊருக்கெல்லாம் கொப்பி எடுத்துக் கொடுத்த ஜெயந்தினியும், தான் கையெழுத்துப் போட்ட ஒரு தாளுக்குக்கூடக் கொப்பி எடுத்து வைத்திருக்கவில்லை.

லோஜினி வரத் தயாராக இருந்தாள். மீனம்மாதான் விடவில்லை. "கையெழுத்துப் போட்டுட்டு ஓடிவந்த பிள்ளைய அவங்களே பிடிச்சி வச்சிக்கிட்டா நான் என்ன செய்வேன்? கச்சேரியும் வேணாம், பொலிஸும் வேணாம்." சமாதானம் சொல்லி அவளை இணங்கவைக்க ஒரு கிழமை போனது. அதற்குள் நேர்முகம் வந்துவிட்டது. லோஜினி கொப்பிகளோடு போனாள். ஒரிஜினலைக் கொண்டுவர ஐந்து நாள் தவணை கொடுத்தார்கள். புதுச் சான்றிதழுக்குக் கொழும்பில் விண்ணப்பித்தார்கள். அது வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் பெயர்ப்பட்டியல் ஒட்டிவிட்டார்கள். லோஜினியின் பெயர் இல்லை.

இதற்கிடையில் மூவரும் சேர்ந்து, ஒப்பந்தக் கொப்பி இல்லாமலே, ஒரு வழியாக முறைப்பாடு எழுதிக் கொடுத்தார்கள். விசாரணைக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அனுப்பியும் வைத்தார்கள். அவர்கள் போனபோது மாடியில் பூட்டுத் தொங்கியது. பெயர்ப்பலகை கழற்றப்பட்டிருந்தது. பீரோவையும் மேசைகளையும் ஞாயிற்றுக்கிழமை லொறியில் ஏற்றியதாக இரும்புக் கடைக்காரர் சொன்னார். எந்த ஊருக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. வாடகை கொடுக்காமல் போய்விட்டான் என்பதுதான் அவருடைய கவலை. சுமனின் போன் நம்பர் அன்றோடு அடங்கிப்போனது.

பீரோவில் முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் சான்றிதழ்கள் இருந்தன. ஜெயந்தினியுடையதும் அதில்தான் இருந்தது.

சுமனைத் தேடிப் போக யாருக்கும் விலாசம் இல்லை. ஜெயந்தினியின் விலாசம் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு தோட்டமாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதல் ஆளாக வந்தவர் வீரய்யா என்ற ஒரு பெரியவர். இரண்டு பிள்ளைகளை அனுப்பியிருந்தார். வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். உள்ளே வராமல் நின்றபடியே, "அவன எனக்குத் தெரியாதும்மா. ஒன்னத்தான் தெரியும். ஒன்ன நம்பித்தான் அனுப்புனேன்" என்றார். ஜெயந்தினி தானும் ஏமாந்தவள்தான் என்று சொல்லத் தொடங்கினாள். நடுவிலே நிறுத்திக்கொண்டாள். முதல் நாளே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்ததே. அது அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

சிலர் சத்தம்போட்டார்கள். சிலர் அழுதார்கள். கமிஷன் வாங்கியிருப்பாள் என்றும் பேச்சு அடிபட்டது. பாடசாலையில் ஒரு பிள்ளை அதைச் சொல்லிக் காட்டியதால், தனுஜா இரண்டு நாள் பாடசாலைக்குப் போகமாட்டேன் என்று படுத்துக்கொண்டாள். சுதாகரன் ஆட்களுக்கு முன்னால் வந்து நின்று, "நான்தாங்க போகச் சொன்னேன்" என்று சொன்னான். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

பிறகு ஹட்டனில் அவளுக்கு எங்கும் வேலை கிடைக்கவில்லை. முகத்தைக் கண்டதும் ஆள் தேவையில்லை என்றார்கள். மஃறூப் நானாவைப் போய்ப் பார்த்துவரலாம் என்று நினைத்து ஒரு நாள் அவர் வீட்டுத் தெருமுனைவரை போனாள். அவருடைய காதுக்கும் கதை போயிருக்கும். திரும்பி வந்துவிட்டாள்.

அந்த வருடக் கடைசியில் தோட்டத்தில் நாள் கூலிக்குக் கொழுந்து பறிக்கப் பெயர் பதிந்தாள். அவளுடைய தாய் இருந்த காலத்தில், தன் மகள் கையில் கூடை வரக்கூடாது என்று சொல்லிச் சொல்லியே படிக்கவைத்தாளாம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது ஜெயந்தினி தலையைக் குனிந்துகொண்டே முன்னால் போனாள். பறிக்கத் தெரியாத கை. முதல் மாதம் பாதிக் கூடைகூட நிறையவில்லை. விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்தது.

கங்காணி அவளுக்குப் பறிக்கிற நிரை பிடித்துக் கொடுத்தது மீனம்மாவுக்குப் பக்கத்தில். வேண்டுமென்று செய்யவில்லை, அந்த இடம் காலியாக இருந்தது. மீனம்மா அவளைத் திட்டவுமில்லை, அவளோடு பேசவுமில்லை. நாள் முழுக்க இரண்டு பேரும் ஒரு தேயிலைச் செடி இடைவெளியில் ஏறி இறங்கினார்கள். ஜெயந்தினி பிந்தினால் மீனம்மா காத்திருக்கமாட்டாள். முந்திக்கொண்டு போய்விடுவாள்.

இரண்டு மாதம் கழித்து, பனி விலகாத ஒரு காலையில், மீனம்மா செடியிலிருந்து முகத்தை எடுக்காமல் சொன்னாள்: "லோஜினி நாளைக்குக் கொழும்புக்குப் போறா."

பேசியதே பெரிது. ஜெயந்தினி கையை நிறுத்திவிட்டு, "என்ன வேலைக்கு?" என்றாள்.

"துணிக்கடையாம். தங்குற இடம் குடுக்குறாங்களாம். போன்லயே பேசி முடிச்சிட்டா. நாளைக்கே வரணுமாம்."

ஜெயந்தினி வாயைத் திறந்தாள். புதுச் சான்றிதழைக் கேட்டார்களா, முன்னால் அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்க எல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஒண்ணும் கேக்காத ஜெயா" என்றாள் மீனம்மா. குரலில் கோபம் இல்லை. "கேட்டு என்ன ஆகப் போகுது? இங்க வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? அவ போகட்டும்."

மேலே கங்காணி சத்தம்போட்டான். கொழுந்து நிறுக்கிற நேரம் நெருங்கிவிட்டது. மீனம்மா கூடையைத் தலைக்கயிற்றில் இழுத்துச் சரிசெய்துகொண்டு அடுத்த செடிக்குப் போனாள். ஜெயந்தினி தன் கூடையை எட்டிப் பார்த்தாள், இன்னும் அரைவாசிகூட இல்லை. குனிந்து பறிக்கத் தொடங்கினாள்.